பன்னிரண்டாவது வரியில் இருந்த ஆள்

துப்புரவுப் பிரிவில் அவளுக்கு ‘தூசியக்கா’ என்று பெயர். பேருந்து நிலையம், பூங்கா, மார்க்கெட் என்று பதினாறு வருடம் ஊரையே பெருக்கித் தள்ளியவள். அவள் வாயும் துடைப்பம் மாதிரிதான், ஓரிடத்தில் நிற்காது. போன மாதம் வேலையை மாற்றி, ஆற்றுப்பாலத்துக்குக் கீழே இருக்கும் நினைவுத்தூணுக்கு அனுப்பினார்கள். பாலம் கட்டும்போது சாரம் சரிந்து செத்த முப்பத்தொரு கூலியாட்களின் பெயர்கள் அதில் வெட்டியிருக்கின்றன. தினமும் ஆயிரம் பேர் கடக்கிற இடம், ஒருத்தரும் நின்று படித்ததில்லை.

தூசியக்கா படித்தாள். ஈரத்துணியால் ஒவ்வொரு வரியாகத் துடைத்துக்கொண்டே வந்தவளுக்குப் பன்னிரண்டாவது வரியில் கை நின்றுவிட்டது. அவள் புருஷனின் பெயர்! பக்கத்திலேயே மாமனார் பெயர், சொந்த ஊர். காலையில் சட்டைப் பொத்தானைத் தைத்துத் தா என்று நச்சரித்த மனுஷன், செத்து இருபத்திரண்டு வருடமாகிறதாம்!

வீட்டுக்கு ஓடினாள். அவர் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, நீங்க எப்ப செத்தீங்க?”

சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் முகம் வெளிறிப்போனது. அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் பிடித்தது.

“மொத மொதல்ல உன்னப் பாக்க வந்தேன்ல, அன்னைக்குத்தான் சாரம் விழுந்துச்சு. லீவு கேட்டா மேஸ்திரி தர மாட்டாரு. அதான் என் டோக்கன வேற ஒருத்தன்கிட்ட குடுத்து, என் பேர்ல வேலைக்குப் போகச் சொன்னேன். அவன் புதுசு, டோக்கன் கிடையாது. பொணமெல்லாம் ஆத்தோட போயிடுச்சு. டோக்கன் கணக்க வெச்சுத் தூண்ல என் பேர வெட்டிட்டாங்க.”

“இத்தன வருஷமா வாயத் திறக்கல நீங்க?”

“பயம். அந்தப் பக்கமே போகல.”

பெண் பார்க்க வந்த அன்று அவர் புதுச்சட்டையில் நின்ற அழகை ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தவள் அவள். இப்போது நினைக்கவே உடம்பு கூசியது.

“அவரு வீட்டுல இன்னும் தேடிக்கிட்டு இருப்பாங்களே! எழுந்திரிங்க, ஆபீசுக்குப் போவோம். உங்க பேர எடுத்துட்டு அவரு பேர வெட்டச் சொல்லுவோம்.”

அவர் டியூபை மறுபடி தண்ணீரில் அமுக்கினார்.

“ஜெயில்ல போட்டாலும் பரவாயில்லங்க. அவரு பேரு என்ன? அத மட்டும் சொல்லுங்க.”

டியூப் கையிலிருந்து நழுவியது.

“மேஸ்திரி கூப்பிட்டா கை தூக்கணுமேன்னு, என் பேர அவனுக்குப் பத்து தடவ சொல்லிக் குடுத்தேன். அவன் பேர நான் கேக்கவே இல்ல.”