த்ரிப்போ பார்த்த நாடுகள்

ஐரோப்பாவின் தெற்கே ஒரு வளைகுடாவில் உள்ள ஸ்டோலிவ் என்ற ஊரின் கரையோரக் காபிக் கடையில் உட்கார்ந்து எதிரே உள்ள மலைகளைப் பார்த்து "என்ன அழகு!" என்று வாய்விட்டுச் சொல்வது ஆபத்தான காரியம். பக்கத்து மேஜையில் த்ரிப்போ இருந்துவிட்டால் தொலைந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

"இதுவா அழகு? சிலி நாட்டுத் தெற்கு முனையைப் பார்த்திருக்கீங்களா? மலைன்னா அதுதாங்க மலை. இது ஆடு மேய்க்கிற மேடு."

கடலைப் புகழ்ந்தால் நியூசிலாந்து வரும். காலைப் பனியைப் புகழ்ந்தால் ஐஸ்லாந்து வரும். அக்டோபர் மாதம் ஊருக்கு மேலே செஸ்நட் என்ற கொட்டை மரக் காடு முழுவதும் பழுத்து, தெருவெல்லாம் சுட்ட செஸ்நட் வாசனையாக ஊரே கொண்டாடும்போது, ஜப்பானில் இலைகள் எப்படிச் சிவக்கும் என்று ஆரம்பிப்பார். கேட்பவரின் காபி ஆறும். பிறகு கேட்பவரும் எழுந்து போய்விடுவார்.

முப்பத்தொரு வருடம் சரக்குக் கப்பல்களில் இருந்தவர் த்ரிப்போ. அது அந்த வளைகுடாவில் பெரிய பெருமை ஒன்றும் இல்லை. வீட்டுக்கு ஒரு மாலுமி உண்டு, சில வீடுகளில் இரண்டு. ஆனால் மற்றவர்கள் ஓய்வுபெற்று வந்து மௌனமாக மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உலகத்தைப் பற்றிய தகவலை ஊருக்கு வழங்கும் பொறுப்பு த்ரிப்போ ஒருவர் தலையில் விழுந்துவிட்டது. கப்பலில் என்ன வேலை என்று கேட்டால், "நான் இல்லேன்னா கப்பல் ஒரு நாள் ஓடாது" என்பார். பொய் இல்லை. அவர் சமையல்காரர்.

ஷிமுன் என்பவரிடம் பன்னிரண்டு பேர் உட்காரும் படகு ஒன்று இருந்தது. சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வளைகுடாவைச் சுற்றிக் காட்டுவார். ஷிமுனுக்குத் தெரிந்த அந்நிய வார்த்தைகள் மூன்று: குட், நோ, போட்டோ. அந்த வருடம் பயணிகள் அதிகமாகவே, பேசுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. த்ரிப்போவுக்கு ஆறு மொழி வரும். ஆறிலும் வெங்காயம் விலை கேட்கவும், விலை சொன்னவனைத் திட்டவும் தெரியும். ஷிமுன் அவரைச் சேர்த்துக்கொண்டார். கூடவே த்ரிப்போவின் மனைவி தோன்காவும் வந்தாள். தேன் ஊற்றிய உருண்டைப் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்து பயணிகளுக்குக் கொடுப்பது அவள் வேலை.

"ரொம்ப எல்லாம் வேண்டாம்டா. மலை நடுவே கடல் புகுந்த ஃபியோர்டுகள்ல, ஐரோப்பாவிலேயே தெற்கே இருக்கிறது இதுன்னு ஒரு வரி சொல்லு. எல்லாரும் ஆ-ன்னு பார்ப்பாங்க. அவ்வளவுதான் வேலை" என்று ஷிமுன் சொல்லிக் கொடுத்தார்.

முதல் நாள் படகு வளைகுடாவின் நடுவுக்கு வந்ததும் த்ரிப்போ எழுந்து நின்றார்.

"இதை ஃபியோர்டுன்னு சொல்லுவாங்க. நம்பாதீங்க. ஃபியோர்டுன்னா பனியாறு குடைஞ்சு உண்டாகணும். இது வெறும் ஆறு அரிச்ச பள்ளம். கடல் உள்ளே வந்து நிரம்பிடுச்சு, அவ்வளவுதான். அசல் ஃபியோர்டு நார்வேயில இருக்கு. நான் பார்த்திருக்கேன். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஜெர்மன்காரர் எடுத்த கேமராவைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

"என்னடா சொன்னே? எல்லார் முகமும் ஏன் சுருங்கிப் போச்சு?" என்றார் ஷிமுன்.

"உண்மையைச் சொன்னேன்."

"உண்மை சொல்றதுக்கு சர்ச் இருக்குடா! என் படகுதான் கிடைச்சுதா உனக்கு?"

வேறு ஆள் கிடைக்காததால் ஷிமுன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினார். அந்த இரண்டு வாரத்தில் த்ரிப்போ எதிரே உள்ள பெராஸ்ட் ஊரை வெனிஸின் பின்கட்டு என்றார். கடலில் மிதக்கும் சின்னத் தீவைப் பார்த்து, பிரேசிலில் இதைவிடப் பெரிய தீவில் கோழி வளர்க்கிறார்கள் என்றார்.

பதினைந்தாம் நாள் படகில் தூரிட் என்ற நார்வேக்காரப் பெண்மணி ஏறினார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. த்ரிப்போ வழக்கம்போல் நார்வேயின் புகழைப் பாடி முடித்ததும் அவர் கையைத் தூக்கினார்.

"எங்க ஊரைப் பத்தி இவ்வளவு சொல்றீங்களே, ரொம்ப சந்தோஷம். எந்த ஃபியோர்டுக்கு வந்தீங்க?"

த்ரிப்போ நான்கு பெயர்கள் சொன்னார்.

"நாலாவது நான் பிறந்த ஊர்! அந்த ஏழு அருவியும் வரிசையா விழுமே, எதை ரொம்பப் பிடிச்சது?"

"அருவியா?" என்றார் த்ரிப்போ. "பாறை இருந்துச்சு. கறுப்பா, ஈரமா. அப்புறம் இன்னும் கொஞ்சம் பாறை."

"உச்சியில பனி?"

"பனி... இருந்திருக்கும்."

என்ன பேச்சு என்று தோன்காவுக்குப் புரியவில்லை. ஆனால் புருஷனின் காது சிவந்தது புரிந்தது. "அந்தம்மா என்ன கேக்குறாங்க?" என்றாள். த்ரிப்போ குனிந்து படகுக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். பயணிகளில் இருந்த, அவர்கள் மொழியே பேசும் செர்பியப் பையன்தான் எடுத்துச் சொன்னான். தோன்கா பணியாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், படகு ஆடியது.

"நார்வேயா? நார்வேயில இருந்து எனக்கு லெட்டர் போட்டாரே! 'இங்கே மலையும் தண்ணியும் இருக்கு, வெயில் இல்லை, நம்ம ஊர் கால் தூசிக்கு வராது, இன்னைக்கு மாட்டிறைச்சி சூப்'. சிலியில இருந்து, 'நம்ம மலை மாதிரி வராது, இன்னைக்கு பீன்ஸ்'. ஜப்பான்ல இருந்து, 'நம்ம செஸ்நட் மரத்தை நினைச்சு அழுகை வருது, அரிசி குழைஞ்சு போச்சு'. முப்பத்தொரு வருஷமும் இதேதான்! அங்கே போய் இந்த ஊரைப் புகழ்ந்தார். இங்கே வந்து அந்த ஊரைப் புகழுறார். ஏ மனுஷா, இருக்கிற ஊரை என்னைக்குத்தான் நீ பார்ப்பே?"

செர்பியப் பையன் வரிக்கு வரி மொழிபெயர்த்தான். இரண்டு வாரத்தில் முதல்முறையாக ஷிமுனின் பயணிகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தூரிட் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கும்போது ஒரு தாளில் முகவரி எழுதி த்ரிப்போவிடம் நீட்டி ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றாள் தோன்கா.

"போயிட்டு வர்றாங்களாம்" என்றார் த்ரிப்போ.

"போயிட்டு வர்றவங்க முகவரியா எழுதிக் குடுப்பாங்க? வீட்டுக்கு வான்னு கூப்பிடுறாங்க. வர்றோம்னு சொல்லு."

"தோன்கா, அது எவ்வளவு தூரம் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பக்கத்து ஊர் கோட்டர் சந்தையைத் தாண்டினதில்லையே. நீதான் பார்த்திருக்கியே, கூட்டிக்கிட்டுப் போ."

அதன்பின் பதினொரு நாள் த்ரிப்போ காபிக் கடைப் பக்கம் வரவில்லை. ஊர் நிம்மதியாக வானத்தைப் புகழ்ந்தது.

செப்டம்பரில் இருவரும் கிளம்பினார்கள். தோன்காவின் பெட்டியில் பாதி இடத்தைக் காய்ந்த அத்திப்பழமும் உப்புக்கண்டமும் பிடித்துக்கொண்டன. நார்வேயில் சாப்பிட ஏதாவது கிடைக்கும் என்று அவளை நம்பவைக்க த்ரிப்போவால் முடியவில்லை. விமானத்திலிருந்து இறங்கிய நேரம் முதல் தோன்கா தொடங்கிவிட்டாள். அத்தி மரம் இல்லையே என்றாள். எலுமிச்சை இல்லையே என்றாள். ரொட்டி ஈரமாக இருக்கிறது, கோடை முடிவதற்குள் இப்படிக் குளிர்கிறதே, இதுவா நீ சொன்ன நார்வே என்றாள். தன் தொழிலை இன்னொருத்தி செய்யும்போது எப்படி இருக்கும் என்று த்ரிப்போவுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் தூரிட் இருவரையும் கூட்டிக்கொண்டு ஃபியோர்டுக்குள் போகும் பயணிகள் கப்பலில் ஏறினார். பெண்கள் இருவரும் மேல் தளத்தில் நின்றார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அத்திப்பழத்தை வைத்துக்கொண்டு நன்றாகவே பேசிக்கொண்டார்கள். த்ரிப்போவைக் காணோம். தோன்கா தேடிக்கொண்டு இறங்கினாள். கீழ்த்தளத்தில், சமையலறையை ஒட்டிய நடையில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்த வட்டமான ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இங்கே என்ன பண்றே?"

"இதுதான் தோன்கா" என்றார் த்ரிப்போ. "இதே இடம்தான். இந்தப் பாறைதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

தோன்கா எட்டிப் பார்த்தாள். ஜன்னல் நிறையக் கறுப்பாக, ஈரமாகப் பாறை நகர்ந்தது. அப்புறம் இன்னும் கொஞ்சம் பாறை.

"மேலே வந்து பாரு மனுஷா."

"அப்போல்லாம் இந்த நேரத்துல மேலே வர முடியாது. அழகான இடம் வந்தா கேப்டனுக்கு விருந்தாளிங்க வந்துடுவாங்க. வழிகாட்டி வருவான், கம்பெனி ஆள் வருவான். அவங்க மேலே நின்னு பார்க்கணும்னா மீனைக் கழுவுறது யாரு?"

"இன்னைக்கு எவனுக்கும் மீன் கழுவ வேண்டாம். வா."

கையைப் பிடித்து மேலே இழுத்து வந்தாள். த்ரிப்போ கம்பியைப் பற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். பாறைக்கு மேலே பாறை, அதற்கு மேலே பசும்புல், அதில் ஒட்டவைத்ததுபோல் ஒரு பண்ணை வீடு, அதற்கும் மேலே எங்கிருந்தோ வரிசையாக வெள்ளை வெள்ளையாகக் கொட்டும் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே பனி. கழுத்து வலிக்கும்வரை பார்த்தார். சிலியின் பெயரோ நியூசிலாந்தின் பெயரோ அவர் வாயில் வரவில்லை.

"யாரும் என்கிட்ட சொல்லலியே" என்றார் கடைசியில்.

"எதை?"

"மேலே இவ்வளவு இருக்குன்னு."

தோன்கா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். எலுமிச்சை மரம் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள் என்பது என் சந்தேகம். பிறகு தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவர் காதைச் சுற்றிக் கட்டிவிட்டாள். கப்பல் திரும்பும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

ஊர் திரும்பியதும் ஷிமுன் வேலையை மறுபடி கொடுத்தார், ஆனால் தோன்காவுக்கு. அவள் பேசுவாள், த்ரிப்போ மொழிபெயர்ப்பார். "நான் நார்வே போயிருக்கேன். ரொம்ப நல்லா இருக்கு. அதை நார்வேயில பாருங்க. இங்கே வந்தா இதைப் பாருங்க" என்பாள். இதற்கு ஏன் கை தட்டுகிறார்கள் என்று ஷிமுனுக்கு இன்றுவரை புரியவில்லை. தட்டுகிறார்கள்.

த்ரிப்போ வெளிநாடுகளை விட்டுவிட்டார். காபிக் கடையில் சிலியைப் பற்றிக் கேட்டால்கூட, "சரியா பார்க்கலைங்க" என்று சொல்லி எல்லோரையும் திடுக்கிட வைக்கிறார். அண்ணாந்து பார்க்கும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. காலை முழுவதும் கரையில் நின்று மலைகளைப் பார்க்கிறார்; இத்தனை வருடம் பார்க்காததை எல்லாம் பார்க்கிறார். பார்த்ததன் பலனாக, குளிர்காலத்தில் எதிர்க்கரைப் பெராஸ்டில் நாள் முழுக்க வெயில் அடிக்கிறது, நம் ஸ்டோலிவ் மதியமே இருட்டிப்போகிறது, ஆகவே பெராஸ்ட்தான் அழகு என்று சென்ற ஜனவரியில் கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த கூட்டத்திடம் அறிவித்தார்.

நார்வேயைப் புகழ்ந்தபோது பொறுத்துக்கொண்ட ஊர் இதைப் பொறுக்கவில்லை. பாதிப் பேர் இப்போது அவரோடு பேசுவதில்லை.