குட்டியின் அடிவயிறு

பெண்ணாடம் பஸ் ஸ்டாண்டில், கரும்பு ஏற்றிய டிராக்டரின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கிவந்தவள் என் மனைவி. அது எங்களோடு பழகி முடிப்பதற்குள் அவளுடைய தங்கைக்குப் பிரசவம் என்று மெட்ராஸுக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது, "நான் வர்ற வரைக்கும் நீங்கதான் இதுக்கு அம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவள் போன பிறகுதான் அந்தக் கொப்புளங்களைப் பார்த்தேன். வேலைக்குக் கிளம்பும்போது குட்டி மல்லாந்து படுத்துக் காலை ஆட்டியது. அடிவயிற்றில் முடியில்லாத இடத்தில், கடுகைத் தூவியதுபோலச் சிவப்பாகச் சில. ஒன்றிரண்டின் முனையில் மஞ்சளாகச் சீழ். கொசு கடித்திருக்கும் என்று போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தொடை இடுக்கு வரை பரவியிருந்தது. குட்டி பின்னங்காலால் சொறிந்து சொறிந்து ஓரிடத்தில் தோலே உரிந்திருந்தது.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நான் வேலை பார்ப்பது ஃபியூஸ் கட்டைகள் செய்யும் செராமிக் கம்பெனியில். சட்டையிலும் முடியிலும் வெள்ளைமண் தூள் படிந்துதான் வீட்டுக்கு வருவேன். அந்தத் தூள்தான் காரணமோ என்று முதலில் தோன்றியது. குளிக்காமல் குட்டியைத் தொடுவதை நிறுத்தினேன். பிறகு பால் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பாலை நிறுத்தினேன். பிஸ்கட்டை நிறுத்தினேன். முட்டையை நிறுத்தினேன். படுக்கப் போட்டிருந்த சாக்கை எரித்துவிட்டு வேறு சாக்கு போட்டேன். வேப்பிலை கொதிக்கவைத்த தண்ணீரில் குளிப்பாட்டினேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். போனில் ஒரு வீடியோ எண்ணெய் தடவச் சொன்னது, அடுத்த வீடியோ எண்ணெயே கூடாது என்றது. துணியை எடுத்து எண்ணெயைத் துடைத்தேன். கம்பெனியில் கட்டைகளை அடுக்கும்போதும் கண்ணுக்குள் அந்த வயிறுதான் நின்றது.

மனைவி தினமும் வீடியோ காலில் வருவாள். நான் போனைக் குட்டியின் முகத்துக்கு நேராக மட்டும் பிடிப்பேன்.

"ஏங்க, ஒடம்பு எளச்சாப்புல இருக்குது?"

"அதெல்லாம் இல்ல. வளருது."

வராந்தா எங்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் பொது. அவர்கள் முன்பக்கம், நாங்கள் பின்பக்கம். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அவருடைய கணவர் முன்பு சூளையில் வேலை பார்த்தவர். சர்க்கரை வியாதியால் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் வராந்தா நாற்காலியில் இருப்பார். அவர் கையைத் தொங்கவிட்டால் குட்டி ஓடிப்போய் நக்கும். அந்த அம்மா உடனே குரல் கொடுப்பார்.

"தம்பி, அது சொறி நாய். நல்லா பாத்தாச்சு. கொண்டு போயி வுட்டுடுங்க. இல்லன்னா நீங்க வேற வூடு பாத்துக்குங்க."

அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். மறுநாள் லீவு சொல்லிவிட்டு, குட்டியை ஒரு கட்டைப்பையில் போட்டு வண்டியில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த பசுமாடு ஒன்று ஊசிக்கு மிரண்டு கட்டுக்கம்பியை இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் குட்டி பைக்குள்ளேயே மூத்திரம் போய்விட்டது.

டாக்டரம்மா குட்டியை மேசையில் புரட்டிப் போட்டார். பிளேடால் தோலை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அவர் தலையை நிமிர்த்தும் வரை நான் கதவுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"சொறிப்பூச்சி எதுவும் தெரியல. குட்டிங்களுக்கு வர்ற சீழ்க் கொப்புளம்தான். மனுசனுக்கு இது ஒட்டாது. ஆனா இந்த அளவுக்கு அரிக்கிறதுக்கு வேற எதாவது இருக்கணும். என்ன சாப்பாடு?"

நான் நிறுத்தியதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் சுளித்தார்.

"எல்லாத்தையும் ஒரே நேரத்துல நிறுத்திட்டா எதுனாலன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது? பட்டினிதான் கெடக்கும். எங்க படுக்குது?"

"சாக்கு போட்டிருக்கேன் மேடம். ஆனா வெயிலுக்கு ஈரத்தரையிலதான் வயித்த வச்சிப் படுக்குது. வராந்தாவுல."

"தரைய எதுல கழுவுறீங்க?"

"வூட்டுக்கார அம்மாதான் கழுவுறாங்க. பிளீச்சிங் பவுடர் போட்டு. காலையில ஒருவாட்டி, மத்தியானம் ஒருவாட்டி."

டாக்டரம்மா குட்டியின் வயிற்றை எனக்குக் காட்டினார். "முடி இருக்கற முதுகுல ஒண்ணுகூட இல்ல, பாத்தீங்களா? தரையில படற எடம் மட்டும்தான். அந்த பிளீச்சிங் அலர்ஜியா இருக்கலாம். உறுதியா சொல்லமாட்டேன். மொதல்ல அந்தத் தரையிலேர்ந்து தள்ளி வைங்க. சாப்பாட்ட பழையபடி குடுங்க." மாத்திரையும், கழுவிவிட ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அந்த அம்மா வாளியும் துடைப்பமுமாக வராந்தாவில்தான் நின்றார். பிளீச்சிங் வாடை கண்ணைக் கரித்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உள்ளே போனேன், வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போனேன். கடைசியில் சொல்லிவிட்டேன்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "அப்ப நான்தான் ஒங்க நாய்க்கு நோவு குடுத்தேன்னு சொல்றீங்க."

"அப்படி இல்லம்மா. டாக்டரு சந்தேகப்படறாங்க, அவ்வளவுதான்."

"எனக்கு மட்டும் இடுப்பு ஒடிய கழுவணும்னு ஆசையா தம்பி? அவரு கால பாத்திருக்கீங்களா நீங்க? ஏற்கெனவே ரெண்டு வெரல எடுத்தாச்சு. புண்ணுல அழுக்குப் பட்டா கால எடுக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பியிருக்காங்க. இந்த நாயி வந்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

தினமும் அந்தக் காலின் கட்டைப் பார்த்துக்கொண்டுதான் கடந்து போயிருக்கிறேன். உள்ளே விரல்கள் இல்லை என்பது எனக்குத் தெரியாது. நான் குட்டியின் வயிற்றைப் புரட்டிப் பார்ப்பதுபோலவே அந்த அம்மாவும் அந்தக் கட்டைப் பிரித்துப் பிரித்துக் காலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"குட்டிய இனிமே உள்ளயே வச்சிக்கிறேம்மா. அவரு கால் பக்கம் வராது."

"செய்ங்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் வேலைக்குப் போன நேரமெல்லாம் குட்டி பூட்டிய கதவுக்குப் பின்னால் ஊளையிட்டது. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வண்டியை விரட்டிக்கொண்டு வருவேன். திறந்து, வயிற்றைப் பார்த்து, மருந்துத் தண்ணீரால் கழுவி, ஒற்றி எடுத்துவிட்டு, சாப்பிடாமலே திரும்புவேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்று ராத்திரியே மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "வயித்த காட்டுங்க" என்றாள். காட்டினேன். "அடப்பாவமே" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

கொப்புளங்கள் வாடத் தொடங்கின. உடைந்தவை பொருக்காகி உதிர்ந்தன. புதிதாக எதுவும் வரவில்லை. ஆனாலும் வெளிச்சத்தில் பார்த்தால் சிவப்பாகத் தெரிகிறதோ என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன்.

ஒருநாள் மத்தியானம் வந்தபோது ஊளைச் சத்தம் இல்லை. பதறிப்போய் ஓடினேன். சாவி வீட்டுக்கார அம்மாவிடமும் ஒன்று உண்டு. கதவு திறந்திருந்தது. குட்டி வராந்தாவில், நாற்காலியிலிருந்து தள்ளி, சன்னல் கம்பியில் கட்டிய பழைய சேலைக்கிழிசலின் மறுமுனையில் படுத்திருந்தது. பெரியவரின் கட்டுக்கு மேலே ஒரு தடிமனான சாக்ஸ் ஏறியிருந்தது. தரை ஈரமாக இருந்தது. பிளீச்சிங் வாடை இல்லை.

"இவரு சோறு திங்கமாட்டேங்கறாரு, அது கத்திக்கிட்டே கெடக்குதுன்னு" என்று அந்த அம்மா உள்ளேயிருந்தே சொன்னார். "வெறுந்தண்ணியிலதான் கழுவினேன். உள்ள மட்டும் பவுடரு போட்டுக்கறேன்."

பிளீச்சிங்தான் காரணமா, மாத்திரையில் சரியானதா, வளர வளரத் தானே போய்விட்டதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. டாக்டரம்மாவும் சொல்லவில்லை. மனைவி மெட்ராஸிலிருந்து திரும்பும்போது வயிறு சுத்தமாகிவிட்டிருந்தது. ஆனால் போன மழைக்காலத்தில் காதுக்குள் சிவந்து, தலையை உதறிக்கொண்டே இருந்தது. சில நாய்களுக்கு அலர்ஜி உடம்போடு வரும், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்றார் டாக்டரம்மா.

இப்போது அப்படிக் கவனிக்க இன்னொரு ஆள் கூடியிருக்கிறார். போன வாரம் கம்பெனியில் கையெல்லாம் மண்ணாக இருக்கும்போது போன் அடித்தது.

"தம்பி, காத சொறிஞ்சிக்கிட்டே இருக்குது. காலையில மீன் முள்ளு போட்டேன், அதனாலயா? எனக்கு ஒண்ணும் ஓடல. சீக்கிரம் வந்து பாருங்க."