ஊர் சேருமுன் மூடக் கூடாது

மழைக்கு ஒதுங்கிய இடத்தில்தான் அந்த எண்ணம் பிறந்தது. இந்த நாட்டு மழைக்கு நம்மூர் மழையின் குணம் கிடையாது. ஐப்பசி வரட்டும் என்று காத்திருக்காது. ஆபீஸ் விடுகிற நேரம் பார்த்து இடியோடு வந்து, ஊரையே கழுவிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் போய்விடும். அன்று கோலாலம்பூரில் துரைமார் கிளப்புக்கு ஒரு காகிதக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பிடித்துக்கொண்டது. பின்பக்கத்து வராந்தாவில் நின்றேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி, அதன் பக்கத்தில் ஒரு கரும்பலகை. பலகையில் மாதத்தின் பெயர். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை: மலைகள்.

அங்கே வேலை பார்க்கும் சீனர் ஒருவர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இது என்ன என்று எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் கேட்டேன். "துவான் பாச்சா. சத்து பூலான், சத்து மாச்சம்" என்றார். துரைகள் படிக்கிறார்கள், மாதத்துக்கு ஒரு ரகம். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மிச்சத்தை நானே ஊகித்துக்கொண்டேன்: மாதம் முழுவதும் ஒரே பொருள், ஆளுக்கொரு புத்தகம், மாதக் கடைசியில் கூடிப் பேசுவது! நான் பலகையையே வெறித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த அவர் உள்ளே போய்ப் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றைத் தூக்கிவந்து என் கையில் திணித்தார். "அம்பில், அம்பில்." எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். நம்மவர்கள் அந்தப் பின்வாசலுக்குப் போவது கடலை மடிக்கப் பழைய தாள் கேட்கத்தானாம். நானும் அதற்குத்தான் வந்தேன் என்று நினைத்துவிட்டார். விளக்கிச் சொல்ல என்னிடம் அவ்வளவு மலாய் இல்லை. கட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தூறலில் நாங்கள் குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்தேன். வீடு சேர்வதற்குள் ஒரு வருஷத்துக்கு வேண்டிய பொருள்களை யோசித்து முடித்திருந்தேன்.

நான் ரயில்வே சாமான் கிடங்கு ஆபீசில் குமாஸ்தா. மாயவரத்தில் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கப்பலேறியவன். அங்கே பள்ளிக்கூடத்துப் புத்தக அறைக்குள் நுழைந்தால் அடிக்கும் வாசனையை, இங்கே வந்த பிறகு எந்த அறையிலும் நான் முகர்ந்ததில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வாசகசாலை என்பது ஒரு சலவைக் கடைக்குப் பின்னால் இருக்கும் பலகை அறை. எப்போதும் கஞ்சி வாடை. புத்தகமோ ஒரே ஒரு தட்டு: பஞ்சாங்கம், தோத்திரங்கள், பெரிய எழுத்துக் கதைகள், அட்டை போன இரண்டு நாவல்கள். இதை வைத்துக்கொண்டு மாதம் ஒரு பொருளா என்று எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டேஷனில் டிக்கெட் குமாஸ்தாவான யாழ்ப்பாணத்துப் பொன்னையா, "உமக்கு விசரோ தம்பி? இஞ்ச புத்தகத்தை விடக் கறையான் கூட" என்று, எனக்குப் பைத்தியமா என்பதுபோல் கேட்டார். ஆனால் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவரும் அவர்தான்.

எங்கள் அறையிலும் ஒரு பலகையை மாட்டி, முதல் மாதம் மழை என்று போட்டேன். மழையைப் பற்றி எங்களிடம் இருந்தது பஞ்சாங்கம் மட்டுமே. அதையே வாசித்தோம். இந்த மாதம் சொற்ப மழை, கிணறு வற்றும் என்று பொன்னையா படித்துக்கொண்டிருக்கிறார். தகரக் கூரையில் விழுகிற மழையில் அவர் குரலே கேட்கவில்லை. தஞ்சாவூர்ச் சீமைக்கு எழுதிய வானத்தை நாங்கள் இங்கே பிரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

படிக்கத் தெரிந்தவர்கள் எங்களில் கொஞ்சம் பேர். துரைமாரைப் போல ஆளுக்கொரு மூலையில் வாய்மூடிப் படிக்கிற வழக்கம் நமக்கு எங்கே? ஒருவன் ராகம் போட்டுப் படிப்பான், மற்றவர்கள் கேட்பார்கள். பெண்கள் அறைக்குள் வரமாட்டார்கள்; சன்னலுக்கு வெளியே, சலவைத் துணி காயும் கொட்டகையில் உட்கார்ந்து கேட்பார்கள். கேட்பவர்களில் முக்கியமானவர் அங்கமுத்து அண்ணன். ரயில் பாதையில் கேங்கு வேலை. கடப்பாரையைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப் போன கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். அவரிடம் ஒரு கண்டிப்பு. கதாநாயகன் பரதேசத்தில் நிற்கும்போது புத்தகத்தை மூடக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் அவனை ஊர் சேர்த்து, மங்களம் பாடித்தான் மூட வேண்டும். "நடுவழியில ஆள விட்டுட்டு மூடினா, கேட்டவன் வீட்டுக்கு ஆகாது தம்பி" என்பார். எங்கள் பக்கத்திலும் கதை வாசிக்கிற வீடுகளில் இந்த வழக்கம் உண்டு. மாயவரத்தில் இதை ஒரு பேச்சாகவே நான் நினைத்ததில்லை. இங்கே பரதேசத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கும்போது அதற்கு வேறு கனம் வந்துவிடுகிறது.

அதற்குள் ரப்பர் விலை விழுந்துவிட்டது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். பிறகு ரயில்வேயிலும் குறைத்தார்கள். வேலை போனவர்களுக்கு ஊர் திரும்ப இலவசக் கப்பல் சீட்டு உண்டு என்று அறிவிப்பு வந்தது. எந்தப் பேச்சை எடுத்தாலும் கப்பலில் போய் முடிந்தது. அந்த மாதப் பொருளைக் கை தூக்கித்தான் தேர்ந்தெடுத்தோம். ஊர் திரும்புதல் என்று ஒருவர் சொன்னதும் எல்லாக் கைகளும் உயர்ந்தன. எனக்கும் பிடித்திருந்தது, பலகையில் ஆசையாக வளைத்து வளைத்து எழுதினேன்.

மறுநாள் நான் அறையைத் திறக்கும்போது அங்கமுத்து அண்ணன் மனைவி செல்லம்மா அக்கா துணிக் கொட்டகையில் நின்றிருந்தார்.

"தம்பி, பலகையில என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன்.

"அவரு பேரும் வேலை போனவங்க பட்டியல்ல வந்துடுச்சு. சீட்டு வாங்கிக்கலாங்கிறாரு. எங்கண்ணன் இங்க பக்கத்து ஊரு டெங்கில்ல ஒரு துண்டு நெலத்துல காய்கறி போட்டிருக்கு. வா, சேர்ந்து செய்யலாம்னு கூப்புடுது. இவரு காதுல ஏறமாட்டேங்குது." கொஞ்சம் நிறுத்தினார். "நான் டெங்கில் தோட்டத்துல பொறந்தவ தம்பி. நான் கப்பலே பார்த்ததில்ல. எனக்கு எந்த ஊருக்குத் திரும்பறது?"

நான் சாவியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அவரு யார் பேச்சும் கேக்கமாட்டாரு. கதை சொன்னாக் கேப்பாரு. போனவன் போன எடத்துலயே நல்லா இருந்தான்னு ஒரு கதை இருக்குமில்ல? அதத் தேடி எடுத்துப் படிங்க தம்பி."

இருக்கும் என்றேன். வாய் முந்திக்கொள்வது என் சுபாவம். இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், ஒன்று கூடவா இருக்காது? எங்கள் தட்டில் இருந்ததை எல்லாம் புரட்டினேன். ராஜகுமாரன் ஏழு கடல் தாண்டிப் போகிறான். அரக்கனைக் கொன்று, பெண்ணைக் கட்டிக்கொண்டு, திரும்புகிறான். வியாபாரி மகன் கப்பல் உடைந்து தீவில் ஒதுங்குகிறான், பொன்னோடு திரும்புகிறான். காடு போனவனும் திரும்புகிறான், சாபம் பெற்றவனும் திரும்புகிறான். திரும்பாதவன் ஒருவன் இருந்தான். அவன் கெட்டவன், அவனைப் பாம்பு கடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். அங்கே நாகூர்க்காரரான காதர் நானாவின் கடையில் கைலி, அத்தர், சாம்பிராணிக்கு நடுவே புத்தகமும் விற்கும். நாகப்பட்டினத்துக் கப்பலில் வருகிற கட்டை அவர் பிரிக்கும்போது பக்கத்தில் நிற்பதே எனக்கு ஒரு சந்தோஷம்.

"திரும்பாத கதையா? அத யாரு தம்பி வாங்குவா?" என்றார். "வர்றவன் எல்லாம் திரும்பிப் போற நெனப்புலதானே கதையே கேக்குறான். இரு, ஒண்ணு இருக்கு. அதுல ஒருத்தன் திரும்பல."

"என்ன ஆனான்?"

"கடல்ல முழுகிட்டான்."

"உயிரோட இருக்கணும் நானா. நல்லாவும் இருக்கணும்."

"அப்ப இல்ல." சிரித்தார். அந்த நேரம் கடைக்குப் பின்னால் தொங்கிய திரைக்கு உள்ளிருந்து ஒரு பெண் குரல் மலாயில் சாப்பிடக் கூப்பிட்டது. நானாவும் மலாயிலேயே பதில் சொன்னார், மிகவும் தணிந்த குரலில். திரும்பி என்னைப் பார்த்தபோது சிரிப்பு போயிருந்தது. "இந்த மாதிரிக் கதையெல்லாம் நடக்கும் தம்பி. அச்சடிக்க மாட்டாங்க" என்றார். நான் கேட்காமலே ஒரு புத்தகத்தை எடுத்து மடித்துக் கொடுத்தார். வியாபாரி மகன் ஒருவன் தீவுக்குப் போகிறான், அங்கே ஒரு தோட்டக்காரியை மணக்கிறான், வாழை வைத்து, பயிர் செய்து, வெகுகாலம் சுகமாக இருக்கிறான். கடைசியில் இவனும் திரும்புகிறான்தான். ஆனால் முக்கால் புத்தகம் அங்கேதான். ரயிலில் அதைப் படித்துக்கொண்டே வந்தவனுக்குச் சட்டென்று வழி தெரிந்தது. முக்காலோடு நிறுத்திவிட்டால்?

மாதக் கடைசி ஞாயிறு. அறை நிறைந்திருந்தது. சன்னலுக்கு வெளியே பெண்களின் பேச்சு அடங்கக் காத்திருந்து, ஆரம்பித்தேன். நான் அவ்வளவு நன்றாக அதற்கு முன் வாசித்ததில்லை. கப்பல் உடைந்தது, கரை ஒதுங்கினான், தோட்டக்காரி தண்ணீர் கொடுத்தாள். வாழை குலை தள்ளியது, வீட்டில் விளக்கு எரிந்தது. "இவ்வாறு இருவரும் அவ்விடத்திலே குறைவின்றி வாழ்ந்து வரலாயினர்" என்று படித்து, புத்தகத்தை மூடிக் கீழே வைத்தேன்.

அங்கமுத்து அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"என்ன தம்பி, தாள் கிழிஞ்சு போச்சா?"

"இல்லண்ணே. கதை அவ்வளவுதான்னு வச்சுக்கலாமே."

"வச்சுக்கலாமாவது! ஆளு இன்னும் ஊரு சேரல."

"தம்பிக்குப் பசி போல" என்று பொன்னையா சொன்னதற்கு இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போது சன்னலுக்கு வெளியிலிருந்து செல்லம்மா அக்காவின் குரல் வந்தது. பெண்கள் அங்கிருந்து கதையில் பேசியதே இல்லை.

"இருந்துட்டுப் போகட்டுமே. அங்க அவனுக்கு என்ன கொறச்சல்?"

"ஆளு ஊரு சேரணும் செல்லம்மா."

"யாரு ஊரு?"

எல்லோருக்கும் தெரியும், இது கதையைப் பற்றிய பேச்சு அல்ல என்று. பொன்னையா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அண்ணன் கோபப்படுவார் என்று நான் பயந்தேன். கோபப்படவில்லை. சன்னல் பக்கம் திரும்பாமல், தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்காத்தா கெடக்குதுடி அங்க. பாதிக் கண்ணு போயிடுச்சாம். நான் வந்து நின்னா, குரலாவது தெரியும்."

இத்தனை நாள் என் மனத்தில் இந்தக் கதைக்கு ஒரு பக்கம்தான் இருந்தது. நாகப்பட்டினத்துக் கரையில் என்னை வழியனுப்பிய என் அம்மா, கப்பல் கண்ணுக்கு மறையும் வரை கையை இறக்காமல் நின்றது அப்போது நினைவுக்கு வந்தது, வராமல் இருக்குமா? புத்தகத்தை எடுத்தேன். மிச்சத்தைப் படித்தேன். கப்பல் வந்தது, தோட்டக்காரியும் ஏறினாள், அவளைப் பற்றிப் புத்தகத்தில் அதற்குமேல் ஒரு வரியும் இல்லை. வியாபாரி மகன் ஊர் சேர்ந்தான். மங்களம் பாடினோம். பாடி முடித்துச் சன்னல் வழியே பார்த்தபோது செல்லம்மா அக்கா உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

அண்ணனும் அக்காவும் சீட்டு வாங்கிவிட்டார்கள். போர்ட் ஸ்வெட்டன்ஹாமுக்கு வழியனுப்ப நானும் பொன்னையாவும் போயிருந்தோம். துறைமுகத்தில் திருவிழாக் கூட்டம்; தகரப் பெட்டிகள், பாய்ச் சுருள்கள், அழுகிறவர்கள், அழாதவர்கள். அண்ணன் புது வேட்டியில் பத்து வயது குறைந்தவர் போல் இருந்தார். என் தோளைத் தட்டி, "தம்பி, நீங்களும் சீக்கிரம் வந்து சேருங்க" என்றார். அக்கா கப்பலைப் பார்க்கவில்லை. முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு, கிடங்குகளுக்கு அப்பால் தெரிந்த காட்டு மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசம் பலகையில என்ன?" என்றார்.

"இன்னும் எழுதலக்கா."

"அன்னைக்குத் திரும்பாத கதை கேட்டேன். அது கெடைக்கல. போவட்டும்." முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "இப்ப எனக்குத் திரும்பி வர்ற கதை வேணும் தம்பி. இந்தக் கரைக்கு. அப்படி ஒண்ணு இருந்தாப் பாருங்க."

சங்கு ஊதியது. கப்பலுக்கு ஏறும் பலகையில் கால் வைத்த அக்கா, முதன்முதலாகக் கப்பலேறுகிறவர்கள் எல்லோரும் செய்வது போலவே, ஒரு கணம் நின்றார். ஊருக்குத் திரும்புகிறவர்கள் அப்படி நிற்க மாட்டார்கள்.

ரயிலில் திரும்பினோம். கிள்ளான் தாண்டியதும் பொன்னையா, "அப்பிடி ஒரு புத்தகம் கிடைக்குமே?" என்று கேட்டார். கிடைக்காது என்றேன். இதுவரை புத்தகங்கள் எல்லாம் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குத்தான் வந்திருக்கின்றன. அங்கே உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குத் திரும்புவது என்றால் ஒரே திசைதான். ஊரிலிருந்து இதைப் படிக்கிற நீங்கள், உங்கள் தெருவில் இந்தக் கப்பலில் வந்து இறங்கிய பெண் யாரையாவது பார்த்தால், சொந்த மண்ணுக்கு வந்துவிட்டாயே என்று சந்தோஷமாக விசாரிப்பீர்கள். விசாரியுங்கள். அவள் உடனே பதில் சொல்லாவிட்டால் தவறாக நினைக்காதீர்கள்.

பலகையில் இந்த மாதம் 'இந்தக் கரை' என்று எழுதியிருக்கிறேன். தட்டில் அதற்குப் புத்தகம் இல்லை. அதனால் ஆளுக்குக் கொஞ்சமாக நாங்களே எழுதப் போகிறோம். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, தெரிந்தவர்கள் எழுதுவது. காதர் நானாவையும் கூப்பிட்டிருக்கிறேன்; வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முதல் பக்கம் என்னுடையது. டெங்கிலில் பிறந்த ஒருத்தி கப்பலின் பலகையில் கால் வைக்கிறாள் என்று ஆரம்பித்திருக்கிறேன். அங்கமுத்து அண்ணன் வைத்த சட்டப்படி, அவளைக் கரை சேர்க்காமல் அதை மூட முடியாது. அவள் வரும் வரை எழுதிக்கொண்டேதான் இருக்க வேண்டும். நேற்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. என்னைப் பற்றி ஒருவன் கதை எழுதினால், என்னை எந்தக் கரையில் இறக்கிவிட்டு மங்களம் பாடுவான்? வெகுநேரம் யோசித்தும் தெரியவில்லை. மைக்கூட்டை நிரப்பி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் பக்கத்தை வாசித்துப் பார்க்க வேண்டும்.