இரும்புக் குச்சி தைத்த பாவாடை

அப்போது எனக்கு எட்டு வயது. மாசி மகத்துக்குக் கடலில் குளிக்க எங்கள் தெருவே சேர்ந்து ஒரு பஸ் பேசி மாமல்லபுரம் போகும். கடலுக்கென்று தனி உடை யாரிடமும் கிடையாது. பையன்களுக்குக் கோவணம். பெண் பிள்ளைகளுக்குப் பழைய பாவாடை சட்டை, அதுவும் சாயமெல்லாம் போய் ஓய்ந்ததாக இருக்க வேண்டும். புதுச் சாயம் என்றால் பக்கத்தில் முழுக்குப் போடுகிறவர் வேட்டியில் ஏறிவிடும்.

முந்தின வருஷம் நான் தண்ணீரில் இறங்கியதுமே பாவாடைக்குள் காற்றுப் புகுந்து, அது குடை மாதிரி விரிந்து மிதந்தது. தெருவே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இந்த வருஷம் நீ கரையிலயே குந்து. சொம்புல மொண்டு தலையில ஊத்தறேன், போதும்" என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டாள்.

ஒரு சொம்புத் தண்ணீருக்காக நாற்பது மைல் போவதா? அப்பாவிடம் போய் அழுதேன்.

அப்பா பட்டு நெசவுக்காரர். மேலே எழும்புகிற எதற்கும் கீழே கனம் கட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். தறியில் ஜக்காடு பெட்டி தூக்கிவிடும் நூல்களின் நுனியில் மெல்லிய இரும்புக் குச்சிகள் தொங்கும். நூலைத் திரும்பக் கீழே இழுப்பது அவைதான். கழித்துப் போட்ட குச்சிகளில் பதினாறு எடுத்து, என் பாவாடையின் கீழ்மடிப்பைப் பிரித்து, மூன்று விரல் இடைவெளி விட்டு வரிசையாக வைத்துத் தைத்தார்.

"ஏங்க, அது பொண்ணா, தறியா?" என்றாள் அம்மா.

"புயலே அடிச்சாலும் இது கிளம்பாது. நீ பாரு."

குச்சிகள் கிணுகிணுக்க நான் பஸ்ஸில் ஏறியதும் பின்சீட்டுக்காரர், "யார்பா அது, மாட்டை ஓட்டிக்கினு வர்றது?" என்றார்.

அப்பாவோடு கடலில் இறங்கினேன். முதல் அலைக்குப் பாவாடை அசையவில்லை. அப்பா கரையிலிருந்த அம்மாவைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவதற்கும் அசையவில்லை. மூன்றாவது அலை திரும்பிப் போகும்போது இரும்போடு சேர்த்து இழுத்தது. இடுப்பு நாடா அறுந்தது. அப்பா குனிந்து துழாவுவதற்குள் பாவாடை மணலுக்குள் போய்விட்டது.

உள்ளே நான் போட்டிருந்தது அண்ணனின் காக்கி நிஜார். பின்பக்கம் இரண்டு ஒட்டு.

அம்மா முழங்கால் தண்ணீர் வரை ஓடிவந்தாள். "ஏய், எழுந்துக்காதடி! அப்படியே தண்ணியிலயே குந்து! தெருவே நின்னு பாக்குது. மாத்துத் துணி பஸ்ல இருக்குது, எடுத்துக்கினு வர்றேன். அதுக்குள்ள கரைக்கு வந்தே, தோலை உரிச்சுடுவேன்!"

பஸ் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. டிரைவர் கதவைப் பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தார். நான் அம்மா பேச்சைத் தட்டவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தலை மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்து, எண்ணி நாற்பத்தோரு அலை வாங்கினேன். நாற்பத்திரண்டாவது வருவதற்குள் அம்மா துணியோடு வந்துவிட்டாள்.