வீட்டில் கட்டின மாட்யூல்

பெர்ல்ங்கிற கம்ப்யூட்டர் மொழிக்கு சி மொழியில துணைப் புரோகிராம், அதான் மாட்யூல், கட்டிப் பிழைச்ச உங்களுக்குச் சொல்ல வேணாம், நம்ம வீட்டுல ஓடுறது போன எடத்துல ஓடாது. தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுல கம்பைல் பண்ணி, அதாவது மெஷினுக்குப் புரியிற மாதிரி மாத்தி, பிளாப்பியில ராஜபாளையம் மில்லுக்கு பஸ்ஸுல கொண்டுபோவேன். நூல் டெஸ்ட் பண்ற மெஷின் கக்குற எண்களை மெதுவான பெர்ல் மட்டும் வச்சுப் புடிச்சா பாதி தவறிப்போகும். அதுக்குத்தான் என் மாட்யூல். வெள்ளிக்கிழமை நூல் வாங்குறவர் வாராரு, அதுக்குள்ள ரிப்போர்ட் வரலைன்னா வேலை மதுரைக்காரங்களுக்குன்னு மேனேஜர் சொல்லிட்டார். எனக்கோ அது முதல் வேலை.

முழுசு முழுசா

முதல் பிரின்ட்ல எல்லா நம்பரும் அழகா வரிசையா நின்னுச்சு. லேபைப் பாத்துக்கிற முத்துலட்சுமி அக்கா தன் நோட்டைப் பக்கத்துல வச்சாங்க. நூலோட நம்பர், அதான் அது எவ்வளவு மெல்லிசுங்கிற கணக்கு, நோட்டுல 39.6, என் பேப்பர்ல 39. சி பக்கம் முழு எண்ணா வாங்கி, புள்ளிக்குப் பின்னால இருந்ததை நானே முழுங்கியிருந்தேன். அக்கா சொன்னாங்க.

"நாப்பதாம் நம்பர் கேட்டவருக்கு முப்பத்தொம்பதுன்னு காட்டுனா, போன லாரி அப்படியே திரும்பி வந்துரும் தம்பி."

நல்லது செஞ்சவர்

திருத்தி மறுநாள் கொண்டுபோனேன். லோடே ஆகலை. கம்ப்யூட்டர் ரூம்காரர் நமக்கு நல்லது பண்றதா நெனச்சு, பெர்லைப் புதுசா மாத்தி வச்சிருந்தார். பழசுக்குக் கட்டினதைப் புதுசு ஏத்துக்குமா? மேனேஜர் வந்து எட்டிப் பாத்தார்.

"நேத்து ஓடுச்சுல்ல, இன்னைக்கு அதுக்கு என்ன கோவம்?"

அக்கா கேட்ட கேள்வி

வீட்டுக்குப் போயி நானும் அதே புது பெர்லைப் போட்டு, மறுபடி கட்டி, வியாழக்கிழமை மத்தியானம் வந்து எறங்குனேன். அப்பவும் ஓடலை. மாட்யூல் துணைக்குக் கூப்பிடுற லைப்ரரி, அதான் பொதுப் புரோகிராம் தொகுப்பு, மில்லு கம்ப்யூட்டர்ல வேற, எங்க வீட்டுது வேற. நூல் கண்டுகளை மேசையில பரப்பிக்கிட்டே அக்கா கேட்டாங்க.

"நூலையே இந்த ரூம் ஈரத்துல செத்த நேரம் கெடக்கவிட்டுப் பழக்கிப் பொறவுதான் டெஸ்ட் பண்றோம், நீங்க எதுக்கு வீட்டுல வச்சே செஞ்சு தூக்கிட்டு வாரீக?"

ரெண்டும் ஒண்ணு

எனக்கு வெக்கமாப் போச்சு. அப்பவே மேனேஜர்கிட்ட அனுமதி வாங்கி, மில்லு கம்ப்யூட்டர்லயே கம்பைலரைப் போட்டு, அந்த மெஷின் பக்கத்துல உக்காந்து கட்டுனேன். சாயங்காலத்துக்குள்ள ஓடிருச்சு. வெள்ளிக்கிழமை வாங்குறவர் என் பேப்பரையும் அக்கா நோட்டையும் வரி வரியா ஒத்துப்பாத்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் சொல்லுது, லாரியில ஏத்துங்க."

அன்னையிலேருந்து யார் மாட்யூல் கேட்டாலும், உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலி கெடைக்குமான்னுதான் நான் முதல்ல கேக்குறது.