மாதாவின் முகத்தில் பட்ட ஈரத் தூரிகை

இத்தாலியின் போலோஞா நகரத்து ஓவியர் குடும்பத்தில் பிறந்தவள் தியமாந்தே. முப்பத்தாறு வயதாகியும், தான் வரைந்த எதையும் தன்னுடையது என்று சொல்ல அவளுக்கு வாய்க்கவில்லை. அப்பா கண்மூடியதும் பட்டறை அண்ணன் பெத்ரோனியோவுக்குப் போனது. வேலை இவளுக்கு வந்தது. ஒரே மேஜையில் சாப்பிட்டாலும் ரொட்டியைக்கூடக் கையில் கொடுக்காமல் தள்ளிவிடுகிற உறவு அது.

சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் ஏந்திய மாதாவைக் காகிதத்தில் மையால் அவள்தான் வரைந்திருந்தாள். கோவில் பீடத்தில் வைக்கப்போகும் பெரிய படத்துக்கு அது மாதிரி ஓவியம். படத்தைக் கேட்டிருந்த கோவில் சபையின் தலைவர் அதன் பின்பக்கம் வரைந்தவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை உறுதி.

"என் பேரைச் சொல்லு அண்ணே," என்றாள் காலையில்.

"உன் பேரா? சிரிச்சே செத்துருவாங்க. மூலையில நில்லு, வாயைத் திறக்காதே."

சபைக் கூடத்தின் மூலையில் அப்படியே நின்றாள்.

பெத்ரோனியோ தன் வேலை என்று நீட்டிய படத்தைச் சபைத் தலைவர் அஸ்கானியோ கண்ணருகே பிடித்தார். "மகனைப் பறிகொடுத்தவ மாதிரியா இருக்கா? மீன் பேரம் பேசுறவ மாதிரி இருக்கா. கன்னத்துல நிழல் போடுப்பா, இங்கேயே."

ஊரில் ஓவியர்கள் எல்லோரும் காய்ந்தால் நீரில் கரையாத மாசிக்காய் மையில் கோடு போட்டுவிட்டு, அது காய்ந்ததும் நீர்த்த மையால் நிழல் பூசுவார்கள். தியமாந்தே தலைகீழாகச் செய்திருந்தாள்: நிழலை முதலில் பூசிக் காயவிட்டு, மேலே அடுப்புக்கரி மையால் கோடு போட்டிருந்தாள். அந்தக் கோடு ஈரம் பட்டால் கரைந்துவிடும்.

பெத்ரோனியோ தூரிகையை நனைத்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், படம் பிழைத்துவிடும். காலையில் அவன் சொன்னபடியே அவள் வாயைத் திறக்கவில்லை.

தூரிகை பட்டதும் மாதாவின் கண்ணும் மூக்கும் கலங்கி வழிந்தன.

"உன் கோடு எந்த மைன்னு உனக்கே தெரியாதா?" என்றார் அஸ்கானியோ.

"இவ செஞ்ச சதி ஐயா. மையை மாத்திட்டா."

"மாத்தல. கோடு, நிழல் எல்லாமே நான் போட்டது," என்றாள் தியமாந்தே.

"வாயால சொன்னா ஆச்சா? போட்டுக் காட்டு," என்று ஒரு துண்டுக் காகிதத்தைத் தள்ளினார் அவர்.

அவர் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, அழுது வீங்கிய கண்களுள்ள ஒரு மாதா முகத்தை வரைந்தாள். காய்ந்ததும் மாவுப் பசை தடவி, அழிந்த முகத்தின்மேல் ஒட்டினாள். அஸ்கானியோ புதுக் கோட்டையும் பழைய கோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு படத்தைத் திருப்பி, அவள் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.

படியில் பெத்ரோனியோ வழிமறித்தான். "இனி என் வீட்டுப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிடுவேன்."

"வருவேன். என் பேனாவும் மையும் அங்கதான் இருக்கு," என்று அவனைக் கடந்து இறங்கினாள்.