இரண்டாவது வெற்றிலை

உத்திரமேரூர் கடைத்தெருவில் நானும் என் மனைவியின் தம்பி கோபாலும் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தோம். ரேடியோவை அணைத்த பிறகும் உள்ளே கண்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடியும். அது வடியும்வரை ஒரு வெற்றிலை போடுவோம். மென்று முடித்தால் கை வைக்கலாம். அதுதான் எங்கள் கணக்கு.

அந்தக் கோடையில் ஏதோ குடும்பச் சண்டையில் எங்களுக்குள் பேச்சு நின்றிருந்தது. ஒரே பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்தே அலுத்துப்போயிருந்தேன். அன்று பஞ்சாயத்து ரேடியோவை அணைத்து, வழக்கம்போல் வெற்றிலை மென்றுவிட்டுக் கையை விட்டேன். தூக்கிச் சுவரில் அடித்தது.

"ரெசிஸ்டர மாத்தினியாடா?"

"பழசு கருகிப்போச்சு மாமா. ஓம்ஸ் ஜாஸ்தியானதுதான் கெடைச்சுது. அதுல மெதுவாத்தான் வடியும்."

"சொல்றதுக்கு இன்னா?"

"நீதான் மொகம் குடுத்தே பேசறதில்லியே!" என்றபடி என் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டான்.

பிறகு இன்னொரு வெற்றிலையை மடித்துக் கொடுத்தான். இருவரும் மென்றோம். முடித்ததும், நான் தடுப்பதற்குள், ரேடியோவுக்குள் தன் கையை முதலில் விட்டான்.

அவன்மேல் இருந்த கோபம் எனக்கு எப்போதோ வடிந்துபோயிருந்தது. தொட்டுப் பார்க்கத்தான் அத்தனை நாளும் பயந்திருக்கிறேன்.